இரண்டு கள்ளிக்கோட்டைகளும் ஒரு பார்சலும்

காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர், மன்னார்காடு, நிலம்பூர். இந்த ஆறு ஊரும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட கேரளா என்று சொல்லிவிடும். சரிதான். ஆனால் இதே ஆறு பெயர்களும் அந்தமானிலும் இருக்கின்றன. ஐந்து ஊர்கள் நான் குடியிருக்கும் தெற்கு அந்தமானில். நிலம்பூர் மட்டும் வடக்கே தள்ளி பாராடாங் தீவில் (சுண்ணாம்புக் குகை பார்க்கப் போனவர்களுக்கு அந்தப் படகுத்துறை ஞாபகம் இருக்கும்). எங்கள் லம்பா லைனிலிருந்து காலையில் கிளம்பினால் காலிகட் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கடல் தாண்ட வேண்டாம்.

நம் ஊரில் கள்ளிக்கோட்டை என்று சொல்கிறோமே, அந்தப் பெயர்தான். இது எப்படி இங்கே வந்தது என்பது ஒரு கதை. அந்தப் பெயரால் ஒரு பார்சல் வழிதப்பியது இன்னொரு கதை. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1921-ல் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி. அடக்கிய பிறகு ஆங்கிலேய அரசாங்கம் தண்டனை பெற்றவர்களைப் பெருந்தொகையாகக் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பியது. 1858 முதலே இது கைதிகளின் குடியேற்றம்தானே. வந்தவர்களில் பலர் சிறைக்கு வெளியே நிலம் பெற்று, குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டு காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். புது இடத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று வந்தபோது விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். வேறு என்ன வைப்பார்கள்? திரும்பிப் போக முடியாதவனுக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொள்வதாவது மிஞ்சட்டுமே.

இது மலையாளிகள் மட்டும் செய்த காரியம் இல்லை. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறிய வடக்கு அந்தமானில் ஒரு காளிகாட் இருக்கிறது, ஒரு துர்காபூர் இருக்கிறது. போர்ட் பிளேரின் கடைத்தெருவுக்கு அபர்தீன் பஜார் என்று பெயர். அது ஸ்காட்லாந்து ஊர். ஆக இந்தத் தீவுக்கு வந்த எல்லோருமே கையில் ஒரு பழைய முகவரியோடுதான் வந்திருக்கிறார்கள். வரலாற்றுக்காரர்களுக்கு இது இனிப்பான விஷயம். தபால் பிரிக்கிறவருக்குத்தான் தலைவலி.

கடிதம் ஒன்று தப்பிப் போவது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இங்கேயே ஒரு சாட்சி இருக்கிறது, செல்லுலார் ஜெயில். 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறையில் 693 தனி அறைகள். அங்கே கைதிக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஒரு கடிதம் பெறலாம் என்பது விதி. அதுவும் ஒழுங்காக நடந்துகொண்டால். அந்த ஒரு கடிதம் முகவரி தப்பினால் அடுத்தது அடுத்த வருஷம்தான். வாட்ஸப்பில் இரண்டு நீலக்கோடு விழவில்லை என்று அரை மணி நேரத்தில் பதறிப்போகிற நமக்கு இதை யோசித்துப் பார்ப்பதே கஷ்டம்.

சரி, முகவரி புரியாத கடிதத்தைத் தபால் துறை என்ன செய்தது? தூக்கிப் போட்டுவிடவில்லை. அதற்கென்றே தனியாக ஆபீஸ் வைத்திருந்தது. பெயர்தான் கொஞ்சம் பயமாக இருக்கும்: டெட் லெட்டர் ஆபீஸ். செத்த கடிதங்களின் ஆபீஸ்! கல்கத்தா, பம்பாய், மதராஸ் போன்ற பெரிய ஊர்களில் இருந்தது. கல்கத்தாவில் டல்ஹௌசி சதுக்கத்துப் பக்கம் உயரமான கோபுரம் வைத்த சிவப்புச் செங்கல் கட்டிடத்தை இன்றும் சிலர் அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். பின்னாளில் கொஞ்சம் நாகரிகமாக ரிட்டர்ன்ட் லெட்டர் ஆபீஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

இந்த ஆபீசுக்கு என்ன வேலை என்பதை 1898-ம் வருடத்து இந்திய அஞ்சல் சட்டம் எழுதி வைத்திருந்தது. 37, 38, 39 ஆகிய மூன்று பிரிவுகள். சட்டம் படிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு இல்லை. ஆனால் இந்த மூன்றும் ஒரு மனிதரின் நிதானத்தோடு எழுதப்பட்டவை. பட்டுவாடா ஆகாத தபால் அந்த ஆபீசுக்கு வந்தால் முதல் காரியம், முடிந்தால் முகவரியைச் சரிசெய்து உரியவருக்கே அனுப்பப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால்தான் பிரிக்கலாம். அதையும் கண்டவர் பிரிக்கக்கூடாது. அதற்கென்று நியமிக்கப்பட்ட, ரகசியம் காக்கக் கடமைப்பட்ட ஓர் அதிகாரிதான் பிரிக்க வேண்டும். எதற்கு? உள்ளே அனுப்பியவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தால் அவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவும் இல்லையென்றால்தான் கடைசி முடிவு. கடிதம் என்றால் அழித்துவிடலாம். பணமோ விற்கக்கூடிய பொருளோ இருந்தால் ஓராண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அப்போதும் உரிமையாளர் வரவில்லையென்றால் பொருளை விற்றுத் தொகையைத் துறைக் கணக்கில் சேர்க்கலாம்.

கவனித்தீர்களா? முதல் படி உரியவரைத் தேடுவது. திருப்பி அனுப்புவது இரண்டாவது. பின்னால் நான் சொல்லப் போகும் விஷயத்துக்கு இந்த வரிசை முக்கியம்.

இதையெல்லாம் சொல்வதால் அன்றைய தபால் துறையைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் 6-வது பிரிவு, தொலைந்தாலோ மாறிக் கொடுத்தாலோ தாமதமானாலோ அரசாங்கம் பொறுப்பில்லை என்று கைகழுவி வைத்திருந்தது. நஷ்டஈடு கேட்டுப் போனவர்கள் இந்தப் பிரிவில் முட்டிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். ஆனாலும் தேட வேண்டும் என்ற கடமை சட்டத்தில் இருந்தது.

தேடுவதில் கெட்டிக்காரர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். லண்டனில் இப்படிப்பட்ட முகவரிகளைப் படிப்பவர்களுக்குக் குருடர்கள் என்று பட்டப்பெயர். (கண்ணில்லாமல் கிடக்கும் கடிதத்துக்குக் கண் கொடுப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.) அமெரிக்காவில் 1825-ல் டெட் லெட்டர் ஆபீஸ் ஆரம்பித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வாஷிங்டனில் அந்த ஆபீசில் பாட்டி லைல் காலின்ஸ் என்ற பெண்மணி இருந்தார். (பாட்டி என்பது அவர் பெயர், வயதைச் சொல்லவில்லை :-)) கணவரை இழந்து வேலைக்கு வந்தவர். ஒரு நாளைக்கு ஆயிரம் முகவரிபோல அவர் கையில் தெளிந்து போகும் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. ஒரு கடிதத்தில் பெயருக்குக் கீழே 'தீவு' என்று மட்டும் இருந்தது. எந்தத் தீவு, எந்த மாநிலம், ஒன்றும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரின் ஒரு பகுதியை உள்ளூர்க்காரர்கள் தீவு என்றுதான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே அனுப்பி வைத்தார். புத்தகத்தில் கிடைக்கும் அறிவு இல்லை இது. ஊர் மனிதர்கள் தங்கள் தெருவை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்பதில் ஒருவருக்கு இருந்த அக்கறை.

நம் பக்கத்திலும் முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்திய அஞ்சல் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெஃப்ரி கிளார்க் 1921-ல் துறையின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதினார். அதில் நம்மவர்கள் உறைமேல் எழுதிய விசித்திர முகவரிகளுக்கும் இடம் உண்டு. நம் ஊர் வழக்கத்தை யோசியுங்கள். இன்னார் மகன் இன்னார், பிள்ளையார் கோயில் மேற்கே, வேப்பமரத்து வீடு, மேற்படி ஊர், மேற்படி தாலுகா. உள்ளூர்த் தபால்காரருக்கு இது போதும், தாராளமாகப் போதும். முன்னூறு மைல் தள்ளி ரயிலில் ஆடிக்கொண்டே கடிதம் பிரிக்கும் சார்ட்டருக்குத்தான் போதாது. அவருக்குப் பிள்ளையார் வேண்டாம். எந்தப் பையில் போடுவது என்று தெரிந்தால் சரி.

அங்கேதான் திருப்பத்தூர் வந்து நிற்கும். பழைய வட ஆற்காட்டில் ஒரு திருப்பத்தூர், சிவகங்கைப் பக்கம் ஒரு திருப்பத்தூர். நாடு முழுக்க எடுத்தால் எத்தனை ராம்பூர், ராஜஸ்தான் உதய்ப்பூர் ஒன்று, திரிபுரா உதய்ப்பூர் ஒன்று, மகாராஷ்டிராவில் ஒரு அவுரங்காபாத், பீகாரில் ஒரு அவுரங்காபாத் (மகாராஷ்டிராக்காரர்கள் இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள்). போதாததற்கு எழுத்து வேறு. தமிழில் எழுதிய முகவரியை வங்காளத்தில் யார் படிப்பது?

இதற்குத் தீர்வு கொண்டுவந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்தவர், கூடவே சமஸ்கிருதக் கவிஞர். 1972 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் வெள்ளி விழா நாளில், ஆறு இலக்கப் பின்கோடு அமலுக்கு வந்தது. அமெரிக்கர்கள் 1963-லேயே ஜிப் கோடு கொண்டுவந்துவிட்டார்கள், இங்கிலாந்து 1959-ல் நார்விச்சில் பரிசோதித்துப் பார்த்தது, ஜெர்மனி 1941-லேயே. நாம் கொஞ்சம் பின்னாடிதான். ஆனால் இத்தனை மொழி, இத்தனை எழுத்து உள்ள நாட்டில் எண்ணைத்தான் எல்லோரும் படிப்பார்கள் என்பதால், இது வேறு யாரையும்விட நமக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. இப்போது வட ஆற்காட்டுத் திருப்பத்தூர் 635601, சிவகங்கைத் திருப்பத்தூர் 630211. சண்டை முடிந்தது.

முதல் எண் மண்டலம், இரண்டாவது உள்மண்டலம், மூன்றாவது பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று அஞ்சலகம். எங்கள் தீவுக்கு 744. ஏழில் ஆரம்பிப்பது வங்காளம், ஒடிசா, வடகிழக்கு. அதாவது தபால் கணக்கில் நாங்கள் மேற்கு வங்காள வட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் தீவு மக்கள் சுமார் 3.8 லட்சம், அதில் கிட்டத்தட்ட 15 சதவீதம் தமிழ் பேசுவோர். இங்கே தமிழ்வழிப் பள்ளி உண்டு, முருகன் கோயில் உண்டு, சென்னைக்கு நேர்க் கப்பல் உண்டு. ஆனாலும் எங்களுக்கு வரும் தமிழ் முகவரி வங்காள வட்டத்தின் கணக்கில்தான் சேரும். எண் இல்லாவிட்டால் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்ணும் எழுத்தும் போட்ட முகவரி நம் ஆட்களுக்கு 1972-ல் புதிதாக வந்தது இல்லை. அதற்கு எழுபது வருஷம் முன்னாலேயே அது கழுத்தில் தொங்கியிருக்கிறது. கடிதத்தின் கழுத்தில் இல்லை, மனிதர்களின் கழுத்தில்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய கதையில் 1901-ல் 'டின் டிக்கெட்' முறை வந்தது. ஒரு சின்னத் தகர வில்லை. அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்துக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாம், பின்னாளில் மண்டபம் முகாம் என்று வந்து சேரும் தொழிலாளிக்கு அதைக் கட்டி அனுப்புவார்கள். கப்பலில், ரயிலில் ஏற்றி இறக்குகிறவர்கள் அவன் பெயரைக் கேட்க வேண்டாம். வில்லையைப் பார்த்தால் போதும், ஆள் அந்தத் தோட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஒரு பார்சலுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் இருந்தது: பெறுநர் எண், சரக்கு எண், செலவு யார் தலையில் என்ற விவரம். அனுப்புநர் முகவரி மட்டும் வில்லையில் கிடையாது.

அந்த முகவரி தேவைப்பட்டது 1964-ல். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. (1974-ல் அதையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள்.) திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். திரும்பிப் போவதற்கு ஊர் என்று ஒன்று பலருக்கும் இல்லை. தாத்தா கிளம்பிய கிராமத்தில் இவர்களைத் தெரிந்தவர் யார்? நீலகிரித் தேயிலைக்குச் சிலர், கேரளா, கர்நாடகா ரப்பர் தோட்டங்களுக்குச் சிலர் என்று பிரித்து அனுப்பினார்கள். அதில் கொஞ்சக் குடும்பங்கள் எங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு, அங்கேயும் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. தஞ்சாவூர்ப் பக்கமோ திருச்சிப் பக்கமோ கிளம்பிய குடும்பம், மூன்று தலைமுறை கழித்து, நடுக்கடலில் 744 என்று ஆரம்பிக்கும் முகவரியில்! கச்சால்காரர்களை நினைத்தால் எனக்கு அந்தத் தகர வில்லைதான் ஞாபகம் வரும்.

அந்த முகவரியும் நிலைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. கரையோரக் கிராமங்கள் கடலோடு போயின. பிழைத்தவர்கள் முதலில் தகரக் கொட்டகைகளிலும் பிறகு வேறு இடத்தில் கட்டிய வீடுகளிலும் குடியேறினார்கள். உறைமேல் எழுதியிருந்தது சரியான முகவரிதான், ஆனால் அந்த இடம் இல்லை. இப்படிப்பட்ட கடிதத்தை எந்த எண்ணும் காப்பாற்றாது. அந்த மனிதர் இப்போது எந்தக் கொட்டகையில் இருக்கிறார் என்று தெரிந்த இன்னொரு மனிதர் வேண்டும்.

சரி, இன்றைய பார்சலுக்கு வருவோம்.

பார்சல் கம்பெனிகளில் வேலை நடக்கும் விதம் தபால் ஆபீசுக்கு நேர் தலைகீழ். தபால் ஆபீசில் உறைமேல் எழுதியதை வழி நெடுக யாராவது படித்துக்கொண்டே வந்தார்கள். இங்கே புக் செய்யும் இடத்தில் பின்கோடு கணினியில் ஏறுகிறது, கணினி ஒரு வழிக் குறியீடும் பார்கோடும் அச்சிடுகிறது, அதற்குப் பிறகு படிப்பது எல்லாம் ஸ்கேனர்தான். வீட்டு வாசலுக்கு வரும் பையன்தான் முகவரியைக் கண்ணால் படிக்கும் முதல் ஆள். ஆகவே முகவரி தப்பாக இருந்து பின்கோடு சரியாக இருந்தால் பார்சல் நம் பேட்டைவரைக்கும் வந்துவிடும். முகவரி முழுக்கச் சரியாக இருந்து பின்கோடு மட்டும் தப்பினால் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். பழைய அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்தும்போது பழைய லேபிளைக் கிழிக்காமல் விட்டாலும் இதே கதைதான், ஸ்கேனர் எதைப் படிக்கிறதோ அதன்படி போகும். ஊரிலிருந்து முறுக்கும் பருப்புப்பொடியும் அனுப்பும் அம்மாக்களிடம் இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

எங்கள் பகுதியின் பெயரே ஒரு வில்லங்கம். லம்பா லைன் என்றால் இந்தியில் நீண்ட வரிசை. பக்கத்திலேயே ஸ்கூல் லைன் என்று ஒன்று. வலைத்தளப் படிவத்தில் 'அட்ரஸ் லைன் 1' என்ற கட்டத்தில் 'லம்பா லைன்' என்று அடித்தால், முகவரியை நீளமாக எழுதச் சொன்னதற்கு நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்களோ என்னவோ! விமான நிலையமே எங்கள் லம்பா லைனில்தான் இருக்கிறது. எனக்கு வரும் பார்சல் என் மொட்டைமாடிக்கு மேலேயே பறந்து வந்து இறங்குகிறது, பிறகு 'முகவரி முழுமையாக இல்லை' என்று செய்தி வருகிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று.

எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இங்கே காலிகட்டில் இருக்கிறது. மகள் தமிழ்நாட்டில் படித்து முடித்தவள். மேற்படிப்புக்கு அசல் மதிப்பெண் சான்றிதழ் வேண்டும். கல்லூரியில் தனியார் கூரியரில் அனுப்பினார்கள். உறைமேல் ஊர் காலிகட், அதற்குக் கீழே போர்ட் பிளேர், அந்தமான், பின்கோடு 744, தொலைபேசி எண், எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. புக் செய்தவர் கணினியில் ஊர்ப் பெயரை அடித்திருக்கிறார். கீழே வந்த பட்டியலில் முதலில் நின்றது கேரளத்துக் காலிகட். லேபிளில் 673001 என்று வந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் பார்சல் கோழிக்கோட்டில்.

"தம்பி, எங்க ஊர்ப் பேரே எங்களுக்கு எதிரியாப் போச்சே" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா.

நானும் அந்த அக்காவும் மாறி மாறிப் போன் போட்டோம். பெறுநர் சொல்லி வழிமாற்ற முடியாதாம், அனுப்புநர்தான் கேட்க வேண்டுமாம். கல்லூரி அலுவலகத்தில் எடுப்பவர் இல்லை. கோழிக்கோட்டில் மூன்று நாள் 'முகவரி கிடைக்கவில்லை' என்று பதிவானது. கிடைக்காதுதான். உறைமேல் அந்தமான் என்று எழுதியிருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு கோழிக்கோட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதே உறைமேல் எங்கள் தொலைபேசி எண் இருந்தது. அந்த எண் கடைசிவரை அடிக்கவே இல்லை. நான்காவது நாள் ஆர்.டி.ஓ., அதாவது அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பல். சான்றிதழ் மறுபடி கல்லூரிக்குப் போய், அங்கிருந்து ஒரு தெரிந்தவர் கையோடு கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார். முதல் சுற்றுக் கலந்தாய்வு அதற்குள் முடிந்திருந்தது. பெண் அடுத்த சுற்றில், விரும்பாத ஊரில், கிடைத்த இடத்தில் சேர்ந்தாள்.

அந்தக் கோழிக்கோட்டுப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கைபேசிச் செயலியில் இருந்த தேர்வுகள் என்னவாக இருந்திருக்கும்? ஆள் இல்லை, வாங்க மறுத்தார், முகவரி கிடைக்கவில்லை. 'வேறு ஊர்ப் பார்சல், தப்பி வந்திருக்கிறது' என்று சொல்ல ஒரு பொத்தான் இருந்ததா? தபால்காரர்களிடம் அது இருந்தது. 'மிஸ்சென்ட்' என்று ஒரு முத்திரை. துறை செய்த பிழை, கூடுதல் காசு இல்லாமல் சரியான இடத்துக்குப் போகட்டும் என்று அர்த்தம். 'முகவரி போதாது' என்பது வேறு முத்திரை. பிழை நம்முடையதா, எழுதியவருடையதா என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அந்த இரண்டு முத்திரைகளில் இருந்தது. இன்றைக்கு 'முகவரி கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வாக்கியத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழி எழுதியவர் தலையிலேயே விழுகிறது. பார்சலுக்கு மணிக்கணக்கில் இலக்கு வைத்து ஓடும் ஒரு பையனை நிறுத்தி, தேடு என்று சொல்ல இங்கே 38-வது பிரிவு கிடையாது.

அந்தப் பிரிவு இப்போது அஞ்சல் துறைக்கும் இல்லை. 2023-ல் புது அஞ்சலகச் சட்டம் போட்டார்கள், 2024 ஜூன் 18 முதல் நடைமுறை. 1898 சட்டம் போய்விட்டது. புதுச் சட்டம் மிகச் சின்னது, விவரங்கள் எல்லாம் விதிகளுக்கு விடப்பட்டிருக்கின்றன. தனியாகப் பொறுப்பு விதிக்கப்பட்டாலொழிய துறைக்குப் பொறுப்பில்லை என்ற பிரிவை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டார்கள்!

2025 மே மாதம் டிஜிபின் என்று ஒன்றும் வந்திருக்கிறது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து அஞ்சல் துறைக்குச் செய்து கொடுத்தது. நாட்டைச் சுமார் நான்குக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. நம் கடல் எல்லையும் அதில் சேர்த்தி என்பதால் தீவுக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். நடுக்கடலுக்கும் முகவரி! கச்சாலில் இடம் மாறிய வீட்டுக்கும் இனி குறியீடு உண்டு. அதை யாராவது அடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் ஊர்களுக்குப் பெயர் மாற்றும் படலம் வேறு. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அறிவிப்பு வந்தது. பெயர் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பார்சல் படிவங்களில் மட்டும் சில இடத்தில் பழைய பெயர், சில இடத்தில் புதுப் பெயர். விஜயபுரம், விஜயபுரா என்று பட்டியலில் வேறு மாநிலத்து ஊர்களும் வரிசை கட்டி நிற்கின்றன.

ஆகவே இங்கே யாருக்காவது ஏதாவது அனுப்புவதாக இருந்தால், ஊர்ப் பெயரை அடித்துப் பட்டியலில் தேர்ந்தெடுக்காதீர்கள், பின்கோடை முதலில் அடியுங்கள். தலைமை அஞ்சலகத்துக்கு 744101, எங்கள் லம்பா லைன் பக்கம் 744103. போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் இரண்டையும் எழுதிவிடுங்கள். அந்தமான் நிக்கோபார் என்று முழுசாக எழுதுங்கள், சுருக்கெழுத்து வேண்டாம். புக் செய்ததும் லேபிளில் அச்சாகியிருக்கும் எண்ணை ஒருமுறை கண்ணால் பாருங்கள். காலிகட்டுக்கோ மஞ்சேரிக்கோ திரூருக்கோ அனுப்பினால் இரண்டு முறை பாருங்கள். மழைக்காலத்தில் லேபிள்மேல் அகலமாக ஒரு செலோடேப் ஒட்டுங்கள், பெட்டிக்கு உள்ளேயும் ஒரு தாளில் முகவரி எழுதி வையுங்கள். வெளி லேபிள் நனைந்து போய் யாராவது பிரித்துப் பார்க்க நேர்ந்தால், அவர் கண்ணில் முதலில் அது படட்டும்.